அடுத்த கோச் யார்? அந்தச் சண்டைக்கு ஃபுட்பால் மேனேஜர் 2024 என்ற கணினி விளையாட்டு எவ்வளவு உதவும்?

இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் லிவர்பூல், 2023-24: 24 வெற்றி, 10 டிரா, 4 தோல்வி. 82 புள்ளி, மூன்றாம் இடம். கோச் யூர்கன் க்ளாப் போய் ஆர்னே ஸ்லாட் வந்த 2024-25: 25 வெற்றி, 9 டிரா, 4 தோல்வி. 84 புள்ளி, சாம்பியன். இரண்டு சீசனிலும் அடித்தது 86 கோல், வாங்கியது 41. ஒரே ஒரு டிரா வெற்றியாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். முந்தைய வருடம் மான்செஸ்டர் சிட்டி 91, ஆர்சனல் 89 எடுத்தன. அடுத்த வருடம் இரண்டாம் இடத்தில் இருந்த ஆர்சனல் எடுத்தது 74.

"ஸ்லாட் க்ளாப்பை மிஞ்சிவிட்டார்", "க்ளாப் கட்டிய வீட்டில் ஸ்லாட் குடியேறினார்" என்று இரு தரப்பு ரசிகர்களும் தொண்டை வறளக் கத்துவதற்கு முன் பார்க்க வேண்டிய எண்கள் இவை. கோச் மாறினால் சீசன் எப்படிப் போகும் என்ற கேள்வியை வீட்டுக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க இருக்கும் பொருள், ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் நிறுவனத்தின் ஃபுட்பால் மேனேஜர் 2024. நவம்பர் 2023இல் வந்த ஆட்டம். விளையாடுவதற்கு எப்படி என்று ஊரெல்லாம் எழுதிவிட்டார்கள். கோச் மாற்றத்தைச் சோதிக்கும் கருவியாக அது தேறுமா என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் செய்முறை. கணினிப் பதிப்பை ஸ்டீம் இணையக் கடையில் வாங்கியவர்களுக்கு, ஆட்டத்தின் தரவுகளை மாற்ற உதவும் ப்ரீ-கேம் எடிட்டர் இலவசம். லைப்ரரியில் டூல்ஸ் பகுதியில் கிடக்கும், தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். டேட்டாபேஸைத் திறந்து, முதலில் க்ளாப்பின் ஒப்பந்தத்தை நீக்குங்கள். அடுத்து ஸ்லாட்டை அவருடைய அப்போதைய டச்சு கிளப் ஃபெயனூர்டிலிருந்து எடுத்து லிவர்பூல் மேனேஜர் பதவியில் போடுங்கள். இந்த வரிசை முக்கியம்; பழையவரை நீக்காமல் புதியவரைப் போட்டால் ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் வந்து கோப்பு குழம்பும். சேமித்த கோப்பு எடிட்டர் டேட்டா ஃபோல்டரில் இருக்க வேண்டும். புது ஆட்டம் தொடங்கும்போது அந்தக் கோப்புக்கு எதிரே டிக் போட மறந்தால், சோதனை முழுக்க க்ளாப்பை வைத்தே ஓடும். இது அடிக்கடி நடக்கிற தவறு. முதல் நாளிலேயே கிளப் பக்கத்தைத் திறந்து மேனேஜர் பெயரைச் சரிபார்த்துவிடுங்கள்.

லீக் தேர்வில் பேராசை வேண்டாம். இங்கிலாந்தில் முதல் இரண்டு டிவிஷன் ஆடக்கூடியதாக இருந்தால் போதும். ஸ்பெயின், ஜெர்மனி, இத்தாலி, நெதர்லாந்து ஆகியவற்றின் மேல் டிவிஷன்களை வியூ-ஒன்லியாக (பார்க்க மட்டும், ஆட முடியாது) வைத்தால் வீரர் சந்தை ஓரளவு உயிரோடு இருக்கும், கணினியும் மூச்சு வாங்காது. தொடக்கத்தில் ஒரிஜினல், ரியல் வேர்ல்ட், யுவர் வேர்ல்ட் என்று மூன்று வழி கேட்கும். ரியல் வேர்ல்டில் வீரர்கள் நிஜத்தில் மாறிய தேதியிலேயே கிளப் மாறுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இதுதான் ஏற்றது.

பிறகு வேலையில்லாத மேனேஜராக உள்ளே நுழைந்து, சீசன் முடியும் தேதி வரை ஹாலிடேயில் போய்விட வேண்டும்; அதுவரை ஆட்டம் தானாகவே ஓடும். அதற்கு முன் டீட்டெயில் லெவல் திரையில் பிரீமியர் லீக்கை முழு விவரத்துக்கு மாற்றுவது கட்டாயம். இதை விட்டுவிட்டால், நீங்கள் கையாளாத ஆட்டங்களை அது சுருக்குவழியில் முடித்துவிடும். ஸ்லாட்டின் பிரஸ்ஸிங்குக்கும் (எதிரணியை நெருக்கிப் பந்தைப் பறிப்பது) க்ளாப்பின் பிரஸ்ஸிங்குக்கும் உள்ள வேறுபாடு அதில் சரியாக ஏறாது. 'கோச் யாரானாலும் ஒன்றுதான்' என்று இந்த ஆட்டத்தை வைத்து முடிவு சொல்கிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் சறுக்கியிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

ஒருமுறை ஓட்டிவிட்டு ஸ்கிரீன்ஷாட்டைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். ஹாலிடேக்கு முன் சேமித்த ஆட்டக் கோப்பை நகலெடுத்து வைத்து, க்ளாப் இருக்கும் கோப்பைப் பத்து முறை, ஸ்லாட் இருக்கும் கோப்பைப் பத்து முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் புள்ளி, அடித்த கோல், வாங்கிய கோல் மூன்றையும் குறியுங்கள், இடத்தைக் குறிக்காதீர்கள். 82க்கும் 84க்கும் நடுவே மூன்றாம் இடமும் கோப்பையும் இருந்ததை இப்போதுதானே பார்த்தோம். இன்னொரு நுணுக்கம்: இளம் வீரர்கள் சிலருக்கு டேட்டாபேஸில் நிலையான திறன் எல்லை இருக்காது, -8, -9 போன்ற எண் இருக்கும். புது ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரு வரம்புக்குள் வேறு மதிப்பாக மாறும். ஒரே சீசன் என்றால் பாதிப்பு குறைவு. மூன்று நான்கு சீசன் ஓட்டுபவர்கள் இதைக் கோச்சின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

சரி, ஆட்டம் எதைச் சரியாகப் பிடிக்கிறது? டிரெஸ்ஸிங் ரூமை. டைனமிக்ஸ் பக்கத்தில் வீரர்களை டீம் லீடர், அதிகச் செல்வாக்கு, செல்வாக்கு, மற்றவர் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். வான் டைக், சாலா போன்ற ஒருவர் முகம் சுளித்தால் அது கீழே பரவும். புது டாக்டிக்ஸ் பழகும் வரை ஃபெமிலியாரிட்டி பட்டை ஏறாது, அதற்குள் சில புள்ளிகள் போயிருக்கும். மேனேஜரை நீங்களே உருவாக்கும்போது குறைந்த பயிற்சியாளர் லைசென்ஸும் சண்டே லீக் (பொழுதுபோக்கு ஆட்ட) அனுபவமும் கொடுத்துப் பாருங்கள். பெரிய கிளப்பில் வீரர்கள் மதிக்கவே மாட்டார்கள். கோச் என்றால் பலகையில் காய் நகர்த்துகிறவர் மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பக்கம் நல்ல மருந்து.

உதவிப் பயிற்சியாளர்களுக்கும் தனித்தனி எண் உண்டு, 1 முதல் 20 வரை. பயிற்சிப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் நட்சத்திர மதிப்பு அதிலிருந்துதான் வருகிறது. சோதனை செய்கிறவர்கள் தலையை மட்டும் மாற்றிவிட்டு உடம்பை மறந்துவிடுகிறார்கள். க்ளாப்போடு பெப் லைண்டர்ஸும் பீட்டர் க்ராவீட்ஸும் போனார்கள். ஸ்லாட்டோடு சிப்கே ஹுல்ஸ்ஹோஃப் வந்தார், ஜான் ஹைட்டிங்காவும் சேர்ந்தார். எடிட்டரில் இந்த நால்வரையும் மாற்றாமல் ஓட்டினால், ஸ்லாட்டின் அணிக்கு க்ளாப்பின் ஆட்கள் பயிற்சி கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இதன் கனம் புரிய மான்செஸ்டர் யுனைடெட்டைப் பார்க்க வேண்டும். (இந்த ஆட்டத்தில் உரிமம் இல்லாததால் 'மேன் யுஎஃப்சி' என்று வரும், சிரிக்காதீர்கள்.) மேனேஜர் ஃபெர்குசனின் கடைசி சீசன் 2012-13இல் 89 புள்ளி, 86 கோல் அடித்து 43 வாங்கினார்கள். டேவிட் மோயஸ் பொறுப்பேற்றுத் தொடங்கிய 2013-14இல் 64 புள்ளி, ஏழாம் இடம், 64 கோல் அடித்து அதே 43 வாங்கினார்கள். தடுப்பு அப்படியே நின்றது, தாக்குதல்தான் 22 கோல் இளைத்தது. அந்தக் கோடையில் தலைமை நிர்வாகி டேவிட் கில் விலகினார். மைக் ஃபீலன், ரெனே மோலன்ஸ்டீன், எரிக் ஸ்டீல் என்று பழைய உதவியாளர்களும் போனார்கள். பெரிய வரவு என்று வந்தது கடைசி நாளில் நடுகள வீரர் ஃபெலைனி ஒருவர்தான். லிவர்பூலில் நேர்மாறு. ஸ்லாட் வருவதற்கு முன்பே மைக்கேல் எட்வர்ட்ஸும் ரிச்சர்ட் ஹியூஸும் கால்பந்து நிர்வாகப் பொறுப்புகளுக்கு வந்துவிட்டார்கள். ஆட்டத்திலும் டைரக்டர் ஆஃப் ஃபுட்பால் பதவி இருக்கிறது. ஆனால் கணினி நடத்தும் கிளப்பில் அவர் ஒரு திட்டத்தை மனதில் வைத்து அதற்குப் பொருந்தும் கோச்சைத் தேடினார் என்று உணர வைக்கும் நடத்தை கண்ணில் படாது. இது பெரிய குறை.

இன்னொரு குறை, விலகல். தோற்றால் துரத்துவார்கள், பெரிய கிளப் கூப்பிட்டால் போவார்கள், வயதானால் ஓய்வு பெறுவார்கள். ஜனவரி 26, 2024 அன்று க்ளாப் செய்ததுபோல், அணி மேலே இருக்கும்போதே 'தெம்பு தீர்ந்துகொண்டிருக்கிறது' என்று சொல்லி சீசன் முடிவுக்கு விடை கேட்பதை இந்த ஆட்டத்தில் எதிர்பார்க்க முடியாது. துணிச்சலும் குறைவு. நடுகள வீரர் மார்ட்டின் சுபிமெண்டி வர மறுத்ததும் ஸ்லாட் ரயான் க்ராவன்பெர்க்கைப் பின்னால் இறக்கி, தடுப்புக்கு முன்னால் நிற்கும் ஆறாம் எண் ஆட்டக்காரராக்கினார், சீசனே அங்குதான் திரும்பியது. கணினி மேனேஜர் பெரும்பாலும் அந்த இடத்துக்கு ஏற்கெனவே நல்ல மதிப்பெண் வைத்திருப்பவரையே தேடுவார்.

2025-26க்கு இதே சோதனையைச் செய்ய நினைப்பவர்கள் ஃபுட்பால் மேனேஜர் 26க்குப் போக வேண்டும். 2025 பதிப்பு பிப்ரவரி 2025இல் ரத்தாகிவிட்டது. 26இல் பந்து கையிலிருக்கும்போது ஒரு அமைப்பு, இல்லாதபோது வேறு அமைப்பு என்று தனித்தனியாகக் கொடுக்கலாம். ஸ்லாட்டின் அணிக்கு இது ரொம்பப் பொருத்தம். ஆனால் புது எஞ்சினோடு வந்த திரை அமைப்பு எரிச்சலூட்டுகிறது. 24இல் இரண்டு கிளிக்கில் கிடைத்தது இங்கே ஒளிந்து விளையாடுகிறது. விர்ட்ஸ், இசாக், எகிட்டிகே என்று புது வீரர்களுக்குப் பணத்தைக் கொட்டிக் கொடுத்த பிறகும் லிவர்பூல் அந்த இலையுதிர்காலத்தில் ஏழு லீக் ஆட்டங்களில் ஆறில் தோற்றது. சக வீரர் டியோகோ ஜோட்டாவை ஜூலையில் கார் விபத்தில் பறிகொடுத்த ஒரு டிரெஸ்ஸிங் ரூமை எந்தப் பட்டையில் ஏற்றுவது?

வாங்குவதென்றால் கணினிப் பதிப்பை வாங்குங்கள். எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் கன்சோல் பதிப்புகளுக்கும் நெட்ஃபிளிக்ஸில் வந்த மொபைல் பதிப்புக்கும் ப்ரீ-கேம் எடிட்டர் கிடையாது. பேருந்தில் பொழுது போக்க அவை போதும், இந்தச் சோதனைக்கு ஆகாது. பழைய லேப்டாப் என்றால் டேட்டாபேஸ் அளவை ஸ்மாலில் வைத்து, இரவு ஹாலிடேயில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.