இறக்கையின் அடிமூடியும் பதினான்கு திருகாணிகளும்

சொந்தமாக விமானம் கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், இறக்கையின் அடிப்பக்கத்தில் ஏலரான் பெல்கிராங்கை, அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடிப்பை இயக்கும் நெம்புகோலைப் பார்ப்பதற்கான மூடியை நட்பிளேட்டும் (தகட்டின் பின்புறம் ரிவெட் அடித்துப் பொருத்தும் நட்டு) திருகாணியும் கொண்டு பூட்டுவதா, கால் சுற்றில் கழலும் பூட்டுகளைப் போடுவதா என்று சென்ற வாரம் கேட்டிருந்தார். மறுநாளே இரத்மலானை விமான நிலையத்தில், நானே கட்டிய என் விமானத்தின் அதே மூடியைக் கழற்ற வேண்டியிருந்தது. பதின்மூன்று திருகாணிகள் கழன்றன. பதினான்காவது இரண்டரை மணி நேரத்தை விழுங்கியது.

அந்த மூடி ஆறு ஆண்டுகள் எப்படி உழைத்தது என்பதை முதலில் சொல்வதே நியாயம். துளையின் ஓரத்தில் உட்புறமாக ஒரு வளையத் தகட்டை ரிவெட் அடித்து, அதன்மேல் மூடியை உட்கார வைத்து, இரண்டையும் சேர்த்தே சிறு துளைகள் இட்டு, கிளிக்கோ என்ற தற்காலிகப் பிடிப்பானால் பிடித்துக்கொண்டு பிறகு பெரிதாக்கினேன். ஒவ்வொரு நட்பிளேட்டையும் திருகாணியால் அதன் இடத்தில் இறுக்கி, அதையே வழிகாட்டியாக வைத்து ரிவெட் துளைகளை இட்டதால் ஒன்றுகூட விலகவில்லை. சுற்றியுள்ள இடைவெளி எங்கும் ஒரு மில்லிமீற்றரைத் தாண்டாது. தென்மேற்குப் பருவமழை எத்தனையோ முறை அடித்தும் உள்ளே நீர் தேங்கியதில்லை. இயந்திர அதிர்வில் ஒரு திருகாணியும் தளர்ந்ததில்லை. நட்பிளேட்டின் மறுமுனை சற்றே நீள்வட்டமாக நசுக்கப்பட்டிருப்பதால் அது மரையை இறுகக் கவ்விக்கொள்கிறது. இவ்வளவு சிறிய பொருள் இவ்வளவு நம்பிக்கையாக வேலை செய்வதைப் பார்க்க எனக்கு இன்றும் மகிழ்ச்சிதான்.

ஆனால் என் கோபமும் அந்தக் கவ்வலின்மீதுதான். நட்பிளேட்டில் எந்தத் திருகாணியும் முதல் சில சுற்றுகளுக்குப் பிறகு இறுக்கமாகத்தான் போகும். ஆகவே சரியான திருகாணி போகிறதா, மரை கெட்டுப் போகிறதா என்பதைக் கை உணராது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது, வெளிநாட்டிலிருந்து திருகாணி வருவிக்க மனமில்லாமல், வேறு வேலைக்கென்று பழைய சோனகத் தெருவில் 4 மில்லிமீற்றர் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகள் சில வாங்கினேன். அவற்றில் ஒன்று என் டப்பாவில் கலந்து, கடந்த ஆண்டு இந்த மூடிக்குள் போயிருக்கிறது. நட்பிளேட்டுக்கு உரிய, அங்குல அளவு முறையிலான 8-32 திருகாணியின் விட்டம் 4.17 மில்லிமீற்றர், மரை இடைவெளி 0.79; கடைத் திருகாணியின் மரை இடைவெளியோ 0.7. முதல் சில சுற்றுகள் போய்விட்டு, பிறகு மரையைக் கடித்துக்கொண்டது. தலையும் பொருந்தவில்லை: விமானத் திருகாணியின் குழித்தலை 100 பாகை, கடைத் திருகாணியினது 90 பாகை. அதனால் அது குழியில் முழுதாக அமராமல் ஓரத்தில் மட்டும் தாங்கி நின்றது.

கழற்ற முயன்றபோது திருப்புளி நழுவி, சிலுவைப் பள்ளம் உருண்டையாகிவிட்டது. தலையைத் துளைத்து எடுத்து மூடியைத் தூக்கிய பின்னும் முனை அசையவில்லை. கடைசியில் நட்பிளேட்டைப் பிடித்திருந்த 2.4 மில்லிமீற்றர் ரிவெட்டுகள் இரண்டையும் துளைத்து, எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்தேன். இறக்கைக்குள் விழுந்த எஃகுத் தூளில் பெரும்பகுதியைக் காந்தம் இழுக்கவில்லை. இந்த வகை எஃகு காந்தத்தில் ஒட்டாது. கடற்காற்றில் அலுமினியத்தின்மேல் அந்தத் தூளை விட்டுவைத்தால் அரிப்பு தொடங்கும் என்பதால், தூசு உறிஞ்சியும் துணியும் கொண்டு மூலை மூலையாகத் துடைத்தேன்.

மற்ற பதின்மூன்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். விரலாலேயே கடைசிவரை போகும் திருகாணி இருந்தால் அந்த நட்பிளேட்டின் கவ்வல் போய்விட்டதென்று பொருள். அப்படி இரண்டு இருந்தன, அவற்றையும் மாற்றினேன். புதிதாக நட்சத்திரத் தலைத் திருகாணிகளுக்குச் சொல்லியிருக்கிறேன், டப்பாவையும் முழுதாகக் காலி செய்துவிட்டேன்.

நண்பருக்கு என் பதில் இது: இறக்கையின் சுமையை மூடி தாங்காமல் வளையத் தகடே தாங்கும்படி உங்கள் வரைபடம் இருந்தால், ஆண்டுக்கு ஒரு முறையாவது திறக்க வேண்டிய இந்த மூடிக்குக் கால் சுற்றுப் பூட்டையே போடுங்கள். எடை கொஞ்சம் கூடும், தகட்டின் தடிப்புக்கேற்ற நீளத்தைத் தேடி வாங்க வேண்டியிருக்கும். இருந்தாலும் அதையே போடுங்கள்.