குழந்தைக்கு வானம் காட்ட பைனாகுலரா, தொலைநோக்கியா?

செலவு: பைனாகுலருக்குக் குறைவு. தொலைநோக்கிக்கு அதிகம், ஆடாத தாங்கியும் வேண்டும்.

எளிமை: பைனாகுலரைக் கழுத்தில் மாட்டியதும் பார்க்கலாம். தொலைநோக்கியில் ஒரு கோளைப் பிடிப்பதே பெரும்பாடு. பூமி சுழல்வதால், பிள்ளை கண்ணை வைப்பதற்குள் வியாழன் நகர்ந்து மறைந்திருக்கும்.

காட்சி: 7 மடங்கு பெருக்கும் பைனாகுலரிலேயே நிலவின் பெரிய பள்ளங்கள் தெரியும், வெறுங்கண்ணுக்கு ஆறேழாகத் தெரியும் கார்த்திகை விண்மீன்கள் டஜன் கணக்கில் மின்னும். சனியின் வளையத்துக்கோ 30 மடங்காவது பெருக்கும் தொலைநோக்கி வேண்டும். அதை முதன்முதலாகக் காணும் பிள்ளையின் வியப்புக்கு ஈடே இல்லை!

உரிய சூரிய வடிகட்டி இல்லாமல் இரண்டாலும் சூரியனைப் பார்க்கவே கூடாது, பார்வை பறிபோகும்.

சின்னஞ்சிறு பிள்ளைக்கு எடை குறைந்த பைனாகுலரே போதும். கோள்களைப் பற்றித் துருவித் துருவிக் கேட்கும், பொறுமையும் வந்துவிட்ட பிள்ளைக்குத் தொலைநோக்கி வாங்கலாம்.