ஆறு மணி நடையும் பாட்டில் பதனியும்

முதலில் அந்தப் பேப்பர் கப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உடன்குடிக்குப் பக்கத்தில், ஓலை வேய்ந்த ஒரு விடிலிக்கு (கருப்பட்டி காய்ச்சும் குடிசை) முன்னால், பன்னிரண்டு மணி வெயிலில் நிற்க வைத்து எங்களுக்குப் பதனி கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு பேப்பர் கப். டீக்கடையில் கொடுப்பார்களே, அதே கப்தான். பதனி வந்தது தண்ணீர் பாட்டிலில். பாட்டில் வந்தது பைக்கில். பனைமரம் எங்களுக்குப் பின்னால் பத்தடியில் நின்றுகொண்டிருந்தது.

இந்தத் தடவை ஊரில் மூன்று வாரம் இருந்தேன். பட்டா வேலை ஒரே நாளில் முடிந்தது, பேங்க்கில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள், ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தது. அதையெல்லாம் எழுத எனக்குக் கை வரவில்லை. இந்தக் கப்தான் நெஞ்சிலேயே நிற்கிறது.

சித்தி மகன் போனில் ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தான். காலை ஆறு மணிக்கு நெல்லை டவுனில் நடை, அப்புறம் வேனில் போய்ப் பனை விடிலி, மதியச் சாப்பாடு, ருசி பார்த்தல், எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,800 ரூபாய். கீழே சின்ன எழுத்தில் ‘வெளிநாட்டு ப்ரூவரி டூர் போலவே’ என்று ஒரு வரி. அந்த வரியில்தான் விழுந்தேன். நான் இருப்பது ஜெர்மனியில், கொலோனில், பதினாலு வருஷமாக. போன வருஷம் அம்மா வந்திருந்தபோது அவளை அப்படி ஒரு நடைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

அம்மாவை பீர் பார்க்கக் கூட்டிப்போனாயா என்று கேட்காதீர்கள். ஊரைச் சுற்றிக் காட்டி, நாலு கதை சொல்லி, கடைசியில் பழைய மதுக்கூடம் ஒன்றில் சாப்பாடு போடுவார்கள். மாதா கோயில் முன்னால் வழிகாட்டி, 1248-ல் அஸ்திவாரம் போட்டு 1880-ல் வேலை முடிந்தது என்றார். அம்மா மெதுவாக, “நம்மூர் கான்ட்ராக்டராத்தான் இருப்பான்” என்றாள். எனக்கு அந்த ஊர் பீரான கோல்ஷ், அவளுக்குச் சாராயம் கலக்காத மால்ட் பானம். ஓவல்டின் மாதிரி இருக்கிறது என்று இரண்டு குடித்தாள். அங்கே பரிமாறுகிறவரை கோபெஸ் என்பார்கள். முகத்தில் சிரிப்பு கிடையாது, பேச்சு வெடுக்கென்று இருக்கும். கோல்ஷ் தம்ளர் 200 மில்லிதான் பிடிக்கும். அது காலியானால் கேட்காமலேயே அடுத்ததை வைத்து, அடியில் போடும் அட்டையில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போவார். போதும் என்றால் அந்த அட்டையைத் தம்ளர் மேல் வைத்து மூட வேண்டும், அதற்கு வாய்ப்பேச்சு தேவையில்லை. அம்மாவுக்கு அந்தப் பழக்கம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. நெல்லைக்குத் திரும்பிய பிறகும் காபி தம்ளர் மேல் தட்டை வைத்து மூடிக்கொண்டிருந்தாள்.

இன்னொன்று. அந்த நடை இரண்டு மணி என்றால் இரண்டு மணி. இரண்டு ஐந்துக்கு மூச்சு வாங்க ஓடிவந்த ஒரு ஜோடி, எங்களைத் தெருமுனை வரை துரத்திக்கொண்டு வந்து சேர்ந்தது. யாரும் நிற்கவில்லை. அன்றைக்கு எனக்கு அது கொஞ்சம் கல்மனசாகத்தான் பட்டது.

சரி, நம்மூருக்கு வருவோம். தேரடியில் அம்மாவும் நானும் ஐந்து ஐம்பதுக்கே நின்றோம். வழிகாட்டிப் பையனும் வந்துவிட்டான், அவனைக் குறை சொல்ல முடியாது. நல்ல பையன். ஆனால் லாட்ஜில் தங்கியிருந்த நாலு பேர் வரவில்லை. “ரெண்டு நிமிஷம் சார், குளிச்சிட்டு இருக்காங்க.” ஆறே கால். “இறங்கிட்டாங்க சார்.” ஆறரை. “ஆட்டோ கிடைக்கலையாம் சார்.” கடைசியில் ஆறு ஐம்பதுக்கு வந்தார்கள். தலை காய்ந்திருந்தது.

டவுன் நடையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, நன்றாகவே இருந்தது. நெல்லுக்கு வேலியிட்ட கதை, தாமிர சபை, இசைத்தூண், நாலு ரத வீதி, எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இருட்டுக்கடை சாயங்காலம்தானே திறக்கும், அதனால் வேறொரு கடையில் அல்வா வாங்கிக் கொடுத்தார்கள். வாழையிலைத் துண்டில் சூடாக வைத்து, விரலில் நெய் வழிய. அங்கே அரை மணி. டிபனுக்கு முக்கால் மணி. அப்புறம் வேன், சுலோசன முதலியார் பாலம். 1843-ல் சொந்தப் பணத்தைப் போட்டு அந்த மனுஷன் கட்டிக்கொடுத்த பாலம் என்று சொல்லி நிறுத்தினான் பையன். ஆற்றைப் பார்க்க எல்லாரும் இறங்கினோம். நியாயம்தான், தாமிரபரணியைப் பார்த்து இறங்காமல் இருக்க முடியுமா. ஆனால் போட்டோவுக்கு இருபது நிமிஷம். அம்மா வேனைவிட்டு இறங்கவில்லை. வெயிலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல. பதனி இந்நேரம் தாச்சிக்குப் போயிருக்கும்.” தாச்சி என்றால் பதனி காய்ச்சும் சட்டி.

அம்மா பிறந்தது அந்தப் பக்கம்தான். அவளுடைய அப்பாவுக்கு விடிலி இருந்தது. பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் குடும்பமே அங்கேதான் கிடக்கும் என்பாள். பனையேறி இருட்டோடு ஏறி, வெயில் உறைப்பதற்குள் கலயத்தை இறக்கிவிடுவார். சாயங்காலம் ஏறுவது மறுபடி பாளை சீவ. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அது பதனி. தடவாவிட்டால் பானையிலேயே நுரைத்துக் கள்ளாகிவிடும். கள்ளுக்கு 1987 முதல் நம் மாநிலத்தில் தடை. ஆக சுண்ணாம்புதான் ருசி, சுண்ணாம்புதான் சட்டம். (விளம்பரத்தில் ப்ரூவரி என்று போட்டதை அம்மாவிடம் சொன்னபோது, “போலீஸ் வராம இருந்தாச் சரி” என்றாள்.) சுண்ணாம்பு போட்டாலும் பதனி ரொம்ப நேரம் தாங்காது. புளிப்பு ஏறிய பதனியைக் காய்ச்சினால் கருப்பட்டி உறையாமல் பாகாகவே கிடக்கும். அதனால் இறக்கின கையோடு அடுப்பில் ஏற்றிவிடுவார்கள்.

இதைத்தான் அந்த விளம்பரக்காரர்கள் யோசிக்கவில்லை. கோல்ஷ் புளித்து முடிந்த பிறகு வாரக்கணக்கில் குளிரில் டாங்கில் கிடந்து பக்குவமாகும். நீங்கள் காலையில் போனாலும் ராத்திரி போனாலும் அது அங்கேயே இருக்கும். அதனால் அங்கே ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் மதுக்கூடத்துக்குக் கூட்டிப்போகலாம். பதனிக்கு அந்தப் பொறுமை கிடையாது. விடிலிக்கு முதலில் போய், டவுனைச் சாயங்காலம் பார்த்திருந்தால் இருட்டுக்கடையும் திறந்திருக்கும். இதை ஒரு பேப்பரில் எழுதி அம்பு போட்டுக் காட்டினேன். பையன், “சூப்பர் ஐடியா சார்” என்று பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர். இந்த வழியில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து போன நாட்களைப் பற்றித் தனியாக நாலு பக்கம் எழுதலாம், எழுத மாட்டேன். செம்மண் தேரி கண்ணில் பட்டதும் அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். விடிலிக்கு முன்னால் வேன் நின்றபோது மணி பதினொன்று இருபது.

அம்மா சொன்னது சரியாகப்போயிற்று. பதனி முழுவதும் தாச்சியில். காவோலையும் மட்டையும் எரிகிற அடுப்பின் மேல் அது பழுப்பாகித் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்த ஆச்சிக்கு எழுபது வயது இருக்கும். பொங்கி வந்தபோது நாலு ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டார், நுரை அப்படியே அடங்கியது. ஒரு ஓரமாக, பாகை ஊற்ற மணலில் சிரட்டைகளை வரிசையாகப் பதித்து வைத்திருந்தார்கள்.

பையன், “ஆச்சி, டேஸ்டிங்குக்குப் பதனி?” என்றான்.

“எய்யா, வெள்ளனவே வாரோம்னு சொன்னிய. எட்டு வரைக்கும் எடுத்து வச்சிருந்தேன். பனை ஒங்களுக்காவக் காத்துக் கெடக்குமா? புளிச்சிரும்லா. தாச்சில ஊத்திட்டேன்.”

இங்கேதான் கதை. பையன் கலங்கவே இல்லை. “ஒண்ணும் பிரச்சினை இல்ல சார், டேஸ்டிங் உண்டு” என்று சொல்லிவிட்டு, யாரிடமோ பைக் வாங்கிக்கொண்டு போனான். அவன் போன நேரத்தில் டிரைவர் எங்கள் கையில் பதனி குடிக்கப் பனையோலையை மடித்துச் செய்த பட்டையை ஆளுக்கொன்றாகக் கொடுத்துப் போட்டோ எடுத்தார். காலிப் பட்டை. வாயருகே வைத்து, கண்ணை மூடி, குடிப்பது மாதிரி. நானும் நின்றேன், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். எடுத்து முடித்ததும் பட்டையைத் திருப்பி வாங்கி அடுத்த குரூப்புக்கு அடுக்கி வைத்துவிட்டார்கள். அப்புறம் இருபத்தைந்து நிமிஷம் கழித்து பாட்டில் வந்தது, கூடவே பேப்பர் கப்.

“பட்டையிலயே ஊத்தலாமே தம்பி?”

“ஹைஜீன் சார்.”

பதனி ஐஸ் போட்டதுபோல ஜில்லென்று இருந்தது. அம்மா முதலில் மோந்து பார்த்தாள். பதனிக்கு ஒரு வாசனை உண்டே, ஓலையும் சுண்ணாம்பும் லேசாகப் புகையும் கலந்தது, அது வரவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டுக் கப்பை என்னிடம் நீட்டினாள். “சீனித்தண்ணில சுண்ணாம்பு.” நான் குடித்தேன். இனிப்பு நாக்கின் நுனியில் நின்றுகொண்டு உள்ளே இறங்க மறுத்தது. லாட்ஜ்காரர்கள் நாலு பேரும் அருமை, அருமை என்று இரண்டாவது கப் வாங்கினார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. சட்டம் பேசினேன். கொலோன் மாதிரி ஊரில் ரொம்ப நாள் இருந்தால் வருகிற வியாதி அது. கோல்ஷ் என்ற பெயரை அந்த ஊர்க்காரர்களும் சுற்றுவட்டாரமும்தான் போடலாம். 1986-ல் ப்ரூவரிக்காரர்கள் கூடி ஒப்பந்தம் எழுதினார்கள், 1997-ல் ஐரோப்பியப் புவிசார் குறியீடும் வந்தது. உடன்குடிக் கருப்பட்டிக்கும் 2023-ல் புவிசார் குறியீடு வந்தாயிற்று, அந்த மண்ணில் நின்றுகொண்டு ரோட்டோரப் பாட்டிலை ஊற்றுகிறீர்களே என்று கேட்டேன். பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “குறியீடு கருப்பட்டிக்குத்தான சார், பதனிக்கு இல்லையே” என்றான். பதில் சரிதான். அதுதான் இன்னும் எரிந்தது.

இந்தச் சண்டை நடக்கும்போது அம்மாவைக் காணோம். திரும்பிப் பார்த்தால் விடிலிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள், அந்த ஆச்சியோடு. எந்த ஊர், யார் மகள், அந்த விடிலி இப்போது இருக்கிறதா என்று பேச்சு ஓடுகிறது. பதனி எட்டு லிட்டர் காய்ச்சினால் சுமாராக ஒரு கிலோ தேறும், ஏறுவதற்கு ஆள் இல்லை, ஊரில் பாதிப் பனை சும்மா நிற்கிறது, சீனி கலந்து விற்பவன் பாதி விலைக்குக் கொடுக்கிறான் என்று ஆச்சி சொல்லிக்கொண்டே துடுப்பைத் தூக்கிப் பாகு விழுவதைப் பார்த்தார். பிறகு ஓலைக்கீற்று ஒன்றைக் கிழித்து, கூப்பனியில், அதாவது கெட்டியாவதற்கு முந்தின பாகில், முக்கிச் சுழற்றி எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா ஊதி ஊதி நக்கினாள். அறுபத்தெட்டு வயது. “மாங்காத் துண்டு கெடந்தாப் போட்டிருக்கலாம் மைனி” என்றாள். கூட்டத்தில் யாருக்கும் அது கிடைக்கவில்லை, எனக்கும்தான். நான் வெளியே புவிசார் குறியீடு பேசிக்கொண்டிருந்தேன்.

மதியச் சாப்பாடு சொதியும் இஞ்சித் துவையலும். முதல் தரம். அதில் குறை இல்லாததால் மேலே எழுதவில்லை. சாப்பாடு முடிந்ததும் போனில் ஐந்து நட்சத்திரம் கேட்டார்கள். ருசி பார்த்தலுக்கான காசைத் திருப்பிக் கேட்டதற்குச் சில்லுக் கருப்பட்டிப் பொட்டலம் ஒன்று கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டவுனை நீங்களே நடந்து பார்த்துவிடலாம். பதனிக்கு முந்தின ராத்திரியே உடன்குடிப் பக்கம் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் படுத்துவிடுங்கள். நாங்கள் நாலு நாள் கழித்து அப்படித்தான் செய்தோம். அம்மா அந்த ஆச்சியின் போன் நம்பரை வாங்கி வைத்திருந்தாள். ஆறு மணிக்குப் போய் நின்றபோது பனையேறி ஐந்தாவது மரத்தில் இருந்தார். கலயத்தில் வண்டு மிதந்தது, துணியில் வடிகட்டி ஓலைப்பட்டையில் ஊற்றினார் ஆச்சி. காசும் கறாராக வாங்கினார், ஒரு பட்டை முப்பது ரூபாய். குடித்து முடிப்பதற்குள் கேட்காமலேயே அடுத்தது. மூன்றாவதுக்குப் பிறகு அம்மா கீழே கிடந்த ஓலைத்துண்டை எடுத்துப் பட்டையின் மேல் வைத்து மூடினாள், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. ஆச்சி அந்த ஓலையை எடுத்து மணலில் போட்டுவிட்டு ஊற்றினார்.