ஒன்பதரை மணிக்கு வரும் மழைச் செய்தி

"அக்கா, அந்த வானிலைச் செய்திச் சேவையின் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்களாம். நீங்கள் பல போகமாக வைத்திருக்கிறீர்களே, நானும் எடுக்கட்டுமா?" என்று விசுவமடுவில் இருக்கும் சித்தப்பாவின் மகன் கேட்டான். முல்லைத்தீவு மாவட்டத்தில் எங்கள் ஒட்டுசுட்டான் பக்கத்திலும் இதே கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட எழுதிவைப்பது நல்லது என்று பட்டது. தினமும் தமிழில் ஒரு குறுஞ்செய்தி வரும், ஞாயிற்றுக்கிழமைகளில் அடுத்த பத்து நாட்களின் போக்கு வரும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு அப்பால் இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

எரிச்சலிலிருந்தே தொடங்குகிறேன். செய்தி வரும் நேரம். காலை ஒன்பதரைக்கு முன்னர் அது வந்ததாக எனக்கு நினைவில்லை. வயல்வேலை தெரிந்த எவரும் அப்படியொரு நேரத்தைத் தெரிவுசெய்திருக்க மாட்டார்கள். களைநாசினி விசிறுபவர் காற்று எழும்ப முன்னர், ஆறு மணிக்கெல்லாம் தாங்கியை முதுகில் மாட்டிவிடுவார். கூலிக்கு ஆள் சொல்வது, உழவு இயந்திரக்காரரைப் பிடிப்பது, வாய்க்காலைத் திறப்பதா மறிப்பதா என்று பக்கத்து வயல்காரருடன் பேசி முடிப்பது எல்லாம் முதல்நாள் பின்னேரத்து வேலைகள். ஒன்பதரை மணிக்கு என் கையில் கிடைக்கும் தகவலால் நான் மாற்றக்கூடிய முடிவு ஒன்றுகூட அன்றைக்கு மிச்சமிருப்பதில்லை.

கடந்த கிழமை நடந்ததைச் சொன்னால் விளங்கும். காலபோக நெல் விதைத்து முளைத்து, கோரையும் புல்லும் கூடவே எழுந்திருந்தன. வயலில் நின்ற தண்ணீரை வடித்துவிட்டு மருந்து அடித்தோம். ஐப்பசியில் வழமையாகக் காலை வெளித்திருக்கும், இடிமழை பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகுதான் வரும். அந்த நம்பிக்கையில்தான் வன்னியில் எல்லோரும் காலையில் மருந்து அடிக்கிறார்கள். அன்றைக்கு வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று இருந்தது. 9.40க்குச் செய்தி வந்தது: இன்று முற்பகலிலேயே மழை, வாய்ப்பு 80 வீதம், களைநாசினி விசிறுவதைத் தவிர்க்கவும். பத்தரைக்கு மழை கொட்டியது. இலையில் ஊறச் சில மணி நேரம் வேண்டிய மருந்து, வடிகால் வழியே கீழ்வயல்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மருந்துக் காசு போனது, கூலி போனது, களை நின்றது.

அந்தச் செய்தியில் ஒரு சொல்லும் பிழையில்லை. அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அன்றாட முன்னறிவிப்பு அதிகாலை 5.30 என்ற நேரக்குறிப்புடன் வெளியாகிறது. வானொலி அதைக் காலைச் செய்தியிலேயே வாசித்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்குகின்ற தகவல், இலவசமாகக் கிடைப்பதைவிட நாலு மணி நேரம் பிந்தி வருகிறது. உதவி இலக்கத்துக்குப் பல தடவை அழைத்துச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "குறித்துக்கொள்கிறோம், அம்மா." மழையின் கணிப்பு பிழைத்தால் நான் பொறுப்பேன், அது கடினமான வேலை. கடிகாரத்தைத் திருத்துவதில் என்ன கடினம் இருக்கிறது?

கணிப்பைப் பற்றிக் குறை சொல்பவர்களுடன் நான் சேரமாட்டேன். "மழை என்றான், பெய்யவில்லை" என்று வாசிகசாலையில் பேசுபவர்கள், 60 வீதம் என்றால் அப்படிப்பட்ட பத்து நாட்களில் ஆறில் பெய்யும், நாலில் பெய்யாது என்பதை யோசிப்பதில்லை. ஐரோப்பிய நடுத்தர கால முன்னறிவிப்பு மையத்தின் கணினி மாதிரி உலகிலேயே முன்னணியில் இருப்பது. அதுகூடப் பூமியை ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் கட்டங்களாகத்தான் பார்க்கிறது. ஐப்பசி இடிமுகில் அதைவிடச் சிறியது. முத்தையன்கட்டுக் குளத்தின் ஒரு கரையில் பெய்து மறு கரையை நனைக்காமல் போகும் மழையை எந்த மாதிரியும் முதல்நாளே சுட்டிக்காட்டாது. வானொலி வட மாகாணம் முழுவதற்கும் ஒரே வரி வாசிக்கிறது. வட மாகாணம் என்றால் எண்ணாயிரத்து எண்ணூறு சதுர கிலோமீற்றருக்கும் மேல். இந்தச் சேவை பிரதேச செயலாளர் பிரிவு வரைக்கும் இறங்கிச் சொல்கிறது. அதற்கு என் நன்றி உண்டு.

நன்றி சொல்ல இன்னொரு பெரிய காரணமும் உண்டு, நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. சந்தா கட்டியபோது மழை எப்போது வரும் என்று அறியத்தான் கட்டினேன். உண்மையில் பயன்பட்டது மழை எப்போது விடும் என்ற செய்தி. மேட்டுக்காணியில் உழுந்து போடுகிறேன். மார்கழிக் கடைசியிலும் தையிலும் காய் முற்றி நிற்கும்போதுதான் உயிர் போகும் கவலை. பிடுங்கிக் குவித்த உழுந்தில் இரண்டு நாள் மழை நின்றால் மணி கறுக்கும், காய்க்குள்ளேயே முளைக்கும், வியாபாரி தொடமாட்டார். பிடுங்காமல் விட்டால் காய் வெடித்து நிலத்தில் கொட்டும். ஒரு தையில், வானம் மூடிக்கிடந்த ஞாயிற்றுக்கிழமை, செவ்வாய் முதல் தொடர்ந்து ஐந்து நாட்கள் வறண்டிருக்கும் என்று செய்தி வந்தது. பக்கத்துக் காணிக்காரர்கள் முகில் கலையட்டும் என்று காத்திருந்தார்கள். நான் அன்றைக்கே ஆட்களுக்குச் சொன்னேன். செவ்வாய் வெயில் எறித்தது. பிடுங்கி, காயவிட்டு, அடித்து, மூட்டை கட்டியாயிற்று. அடுத்த கிழமை மறுபடி மழை. அந்த ஒரு செய்தி பல வருடச் சந்தாவை மீட்டுக் கொடுத்தது என்று சத்தியமாகச் சொல்வேன். ஒரு மேகத்தைக் கணிப்பதைவிடப் பெரிய காற்றோட்டத்தின் போக்கைக் கணிப்பது இலகு. ஐந்து நாள் வறட்சி அந்தப் போக்கைப் பொறுத்தது என்பதால் அதில் நம்பிக்கை வைக்கலாம்.

முன்பு வாடைக்காற்றும் சோளகக்காற்றும் திரும்புவதைப் பார்த்தே அப்பா விதைத்தார், அறுத்தார். அந்த அறிவை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் 2018 டிசம்பரில் ஒரே இரவு மழையில் இரணைமடுக் குளம் நிரம்பிக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதற்கோ, 2020 இல் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி வன்னிக்குள் நுழைந்ததற்கோ எந்தக் காற்றும் அவருக்கு அடையாளம் காட்டியிருக்காது. வெப்பநிலை ஒரு பாகை கூடினால் காற்று ஏறத்தாழ ஏழு வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். வரும் மழை கனத்து வருகிறது. எங்களைப் போல இரண்டு ஏக்கரும் ஒரு சிறுகுளமும் உள்ளவர்களுக்கு அறிவித்தல் இல்லாமல் இனிக் காலம் தள்ள முடியாது.

அறிவித்தல் எதைச் சொல்ல வேண்டும் என்பதிலும் ஒரு குறை உண்டு. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் எங்களைத் தொடாமல் கடலோடு போனது. செய்தியில் காற்றின் வேகமும் மழையின் அளவும் இருந்தன. குளிரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் வெளியில் நின்ற மாடுகள் குளிர் தாங்காமல் நூற்றுக்கணக்கில் செத்து விழுந்தன. "இன்றிரவு மாடுகளைக் காற்றுப்படாத இடத்தில் கட்டுங்கள்" என்ற ஒரு வரி போதுமாக இருந்தது. மில்லிமீற்றர் கணக்கைவிட அந்த ஒரு வரிக்குத்தான் எங்கள் ஊரில் பெறுமதி.

சிறிய விடயம் ஒன்று. தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 எழுத்துக்குறிகள்தான், எழுத்தோடு வரும் கொம்பும் விசிறியும்கூடத் தனித்தனியாகக் கணக்கில் சேரும். அதனால் செய்தி மூன்று நாலு துண்டாக உடைந்து, பழைய கைபேசிகளில் சிலவேளை பின்துண்டு முதலில் வருகிறது. என் அயலில் உள்ள பெரியம்மாவுக்கு நான்தான் கோத்து வாசித்துக் காட்டுகிறேன். சுருக்கமாக எழுதப் பழகினால் தீரும்.

இலவசமாகக் கிடைப்பவையும் இப்போது குறைவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல் துறையின் நாகமுத்து பிரதீபராஜா எழுதும் முன்னறிவிப்புகள் வாட்ஸ்அப் குழுக்களில் பரவுகின்றன. எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை என்று தெளிவாகச் சொல்கிறார். மழை நெருங்கும் நேரத்தில் எங்கள் பிள்ளைகள் கடலுக்கு அப்பால் இந்தியக் கரையில் இருக்கும் காரைக்கால் ராடார் படத்தைத் திறந்து காட்டுகிறார்கள். அவ்வளவு தூரத்தில் ராடாரின் கதிர் உயரே போய்விடுவதால் தாழ்ந்த மழைமுகில் தப்பிவிடும், ஆனாலும் பெரிய இடிமுகில் தெரியும்.

ஆகவே தம்பி, உன் கேள்விக்குப் பதில்: இப்போது எடுக்காதே. பாதி விலை என்றாலும் எடுக்காதே. உழுந்தைக் காப்பாற்றித் தந்த சேவையைப் பற்றி இப்படிச் சொல்கிறாயே அக்கா என்று கேட்பாய். களை நிற்கும் வயலைத் தினமும் பார்த்துக்கொண்டு எனக்கு வேறு பதில் வரவில்லை. இந்த மாதத்துடன் நானும் நிறுத்துகிறேன். மார்கழியில் ஞாயிற்றுக்கிழமைச் செய்திக்காக மட்டும் மறுபடி கட்டுவேன், உழுந்து முற்றும் வரைக்கும். அதற்கிடையில் அன்றாடச் செய்தியை முதல்நாள் பின்னேரம் ஆறு மணிக்கு அனுப்பத் தொடங்கினால் எனக்குச் சொல். உன் கட்டணத்தையும் சேர்த்து நானே கட்டுகிறேன்.