உள்ளங்கால் எக்ஸிமா: ஊற வெச்சு ஆயின்ட்மென்ட் தடவுன அனுபவம்

எங்க அம்மா காசிமேட்டுல மீன் வெட்டுறாங்க, விடிகாலைலேர்ந்து கால் ஐஸ் தண்ணிலதான். உள்ளங்கால்ல எக்ஸிமா வந்து தோல் தடிச்சுப்போச்சு, குதிகால் வெடிப்புல உப்புத்தண்ணி பட்டா சுரீர்னு எரியும். ஸ்கின் டாக்டர் குடுத்தது க்ளோபீட்டசால்ங்கற ஸ்டீராய்டும் சாலிசிலிக் ஆசிடும் சேர்ந்த ஆயின்ட்மென்ட். காஞ்ச கால்ல தடவுற வரைக்கும் பெருசா ஒண்ணும் கேக்கல. அப்புறம் டாக்டர் தடவுற முறைய மாத்திச் சொன்னாங்க, அதே மருந்துதான், ரெண்டு மழைக்காலம் தாண்டியும் அதையேதான் பண்றோம்.

நைட்டு வேலையெல்லாம் முடிஞ்சதும் வெதுவெதுப்பான வெறும் தண்ணில இருபது நிமிஷம் கால ஊற வெக்கணும், தோல் வெள்ளையா பொதபொதனு ஆயிடும், தேய்க்காம துண்டால ஒத்தி எடுத்துட்டு ஈரம் காயறதுக்குள்ள ஆயின்ட்மென்ட், மேல பழைய காட்டன் சாக்ஸ். (சுகர் இருந்து கால் மரத்துப்போனவங்க சுடுதண்ணி பக்கம் போகாதீங்க, கொப்பளிச்சாலும் தெரியாது.) தோலோட மேல்படலம் ஈரம் குடிச்சு உப்புனா மருந்து உள்ள போக வழி கிடைக்குது, சாலிசிலிக் ஆசிட் தடிச்ச தோல இளக்குது.

1967ல ஃபெல்ட்மேன், மைபாக்னு ரெண்டு பேர் ஹைட்ரோகார்ட்டிசோன்ங்கற ஸ்டீராய்ட வெச்சு அளந்து பாத்திருக்காங்க. முன்கைல உள்ள போறது 1னா உள்ளங்கால்ல 0.14தான், நெத்தில 6, விரைப்பை தோல்ல 42! இதப் படிச்சதும் எனக்கு பகீர்னு ஆச்சு, ஏன்னா நம்ம ஏரியால தொடை இடுக்குல படைனு மெடிக்கல்ல போய் கேட்டா ஸ்டீராய்டு கலந்த க்ரீம தூக்கி குடுத்துடறாங்க. அங்க தோல் மெலிசு, மருந்து சர்ருனு இறங்கும், அரிப்பு அடங்குன மாதிரி இருந்துட்டு படை இன்னும் பரவும், தோல் மெலிஞ்சு கோடு கோடா விழும். தயவுசெஞ்சு வாங்காதீங்க.

ஆயின்ட்மென்ட் மேல க்ளிங் ஃபிலிம் (சாப்பாட்டு மேல சுத்துற மெல்லிசு ப்ளாஸ்டிக்) சுத்துனா இன்னும் நல்லா இறங்கும், ஆனா டாக்டர் குதிகாலுக்கு மட்டும், அதுவும் கொஞ்ச நாளைக்குதான்னு சொன்னாங்க, சீழ் இருந்தா சுத்தவே கூடாது. மே மாசப் புழுக்கத்துல அது முடியவும் முடியாது, கணுக்கால்ல வேர்க்குரு வந்துடுச்சு, சாக்ஸே போதும்னு விட்டுட்டோம். ஆயின்ட்மென்ட் பிசுபிசுப்புல மொசைக் தரை வழுக்கும், அதனால பாய்ல உக்காந்தப்புறம்தான் தடவி விடுவேன்.

இப்போ வெடிப்பு மூடிடுச்சு, ஸ்டீராய்டு வாரக்கடைசில மட்டும், மத்த நாள் யூரியா க்ரீம், அதையும் ஊற வெச்சுதான் போடறோம். வேலைக்கு கம்பூட்ஸ் வாங்கிக் குடுத்திருக்கேன், பாதி நாள் போட மாட்டேங்குறாங்க.