கணைய அழற்சியில் கிழியும் மண்ணீரல்: அடைப்பதா, எடுப்பதா?

அடி எதுவும் படாமலே மண்ணீரல் கிழியலாம். மலேரியாவில் அப்படி நடப்பதைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கணைய அழற்சியிலும் நடக்கும். கணையத்தின் வால்முனை மண்ணீரலைத் தொடுகிற தூரம் வரை நீண்டிருக்கிறது. மண்ணீரல் தமனியோ கணையத்தின் மேல்விளிம்பை ஒட்டியே வளைந்து வளைந்து ஓடுகிறது. கணைய நீர் உணவைச் செரிக்க வைக்கும் நீர்; அது கசிந்தால் இரண்டையும் அரித்துவிடும். இடது மேல்வயிற்று வலியோடு இடது தோளும் வலித்து, நாடி வேகமாகி, தலை சுற்றினால் ‘வழக்கமான கணைய வலிதான்’ என்று படுத்திருக்கக் கூடாது.

வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல் சிகிச்சை தர இரண்டு வழிகள். தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மண்ணீரல் தமனிக்குள் சிறு உலோகச் சுருளை (coil) வைத்து அடைப்பது எம்போலைசேஷன். இன்னொன்று லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியாகக் கேமராவைச் செலுத்தி, மண்ணீரலையே எடுத்துவிடுவது. இது 1991-லிருந்து நடக்கிறது.

விபத்தில் கிழிந்த மண்ணீரல் என்றால் பக்கத்து உறுப்புகள் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். இங்கே அப்படியில்லை. இரைப்பை, பெருங்குடல், கணைய வால், மண்ணீரல் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். பிரித்தெடுக்கும்போது கணைய வாலில் சின்னக் காயம் பட்டாலும் வாரக்கணக்கில் கணைய நீர் ஒழுகலாம். ரத்தம் இழந்து தளர்ந்தவரின் வயிற்றில் கார்பன் டை ஆக்சைடை ஏற்றினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும். அதனால் இந்த நோயாளிகளுக்கு முதலில் எம்போலைசேஷன்தான் சரி என்பது என் கருத்து. அந்த ஒட்டல்களைத் தொடவே வேண்டாம். முழு மயக்கமும் பெரும்பாலும் தேவையில்லை, குழாய் நுழையும் இடத்தை மரத்துப்போகச் செய்தாலே போதும். தமனியின் முதன்மைத் தண்டை அடைத்தால் அழுத்தம் இறங்கிக் கசிவு நிற்கும். இரைப்பையிலிருந்து வரும் சிறு தமனிகள் மண்ணீரலை உயிரோடு வைத்திருக்கும்.

தமனிச் சுவர் அரித்துப் புடைத்திருந்தால் மட்டும் கவனம் வேண்டும். புடைப்புக்கு முன்னால் இருக்கும் முன்வாசலை அடைத்தால் போதாது, அதைத் தாண்டியிருக்கும் பின்வாசலையும் அடைக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சிறு தமனிகள் வழியாகவே ரத்தம் திரும்பி வந்துவிடும். அழற்சியில் அவையும் கெட்டிருந்தால் மண்ணீரலின் ஒரு பகுதி இறந்து சீழ் கட்டலாம். அப்போது எடுத்தாக வேண்டும். மண்ணீரல் சிரையில் ரத்தம் உறைந்து, இரைப்பைச் சிரைகள் புடைத்து ரத்தம் கசிகிறவருக்கும் மண்ணீரலை எடுப்பதுதான் நிரந்தரத் தீர்வு. ஆனால் அதையும் ரத்தப்போக்கை நிறுத்தி, அழற்சி தணிந்த பிறகு நிதானமாகச் செய்வது நல்லது.

மண்ணீரல் கிருமிகளை எதிர்க்கும் உறுப்பு என்பதால், எடுத்த பிறகு நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (Hib) ஆகிய பாக்டீரியாக்களுக்கு எதிரான தடுப்பூசிகள் கட்டாயம். அவசர அறுவை என்றால் வழக்கமாக 14 நாள் கழித்து. அப்புறம் ஆயுசு முழுக்க, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். நாள்பட்ட கணைய அழற்சியில் பலருக்குச் சர்க்கரை நோயும் சேர்ந்துகொள்வதால் தொற்று இன்னும் ஆபத்து.

ரத்தம் ஏற்றியும் ரத்த அழுத்தம் நிலைக்கவில்லை என்றால் எம்போலைசேஷன், லேப்ராஸ்கோப்பி இரண்டுமே வேண்டாம். வயிற்றைத் திறந்துதான் ஆக வேண்டும். ரத்த அழுத்தம் நிலைக்கிறது என்றால், உறவினர்கள் உடனே கேட்க வேண்டிய கேள்வி: ‘இந்த நேரத்தில் எம்போலைசேஷன் செய்ய இங்கே ஆள் இருக்கிறார்களா?’ இல்லையென்றால், வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது பற்றி டாக்டரிடம் அப்போதே பேசிவிட வேண்டும்.