வெளிநாட்டு விருந்தாளிக்கு ஓட்டல் தேட மேப் ஆப்: ஐந்துக்கு மூன்று

மூன்று மாதத்தில் நான்கு தடவை வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். எங்கே சாப்பிட அழைத்துப்போவது என்ற பொறுப்பு எப்படியோ என் தலையில்தான் விழுந்தது. நாலு தடவையும் மேப் ஆப்பில் ஸ்டார் பார்த்துத்தான் இடம் பிடித்தேன்.

முதல் இடத்துக்கு 4.6. சாப்பாட்டில் குறையே இல்லை, ஆனால் எதிரே இருப்பவர் பேசுவது கேட்காத அளவுக்கு இரைச்சல், பதினாறு மணி நேரம் விமானத்தில் வந்த மனிதர் தட்டு வருவதற்குள் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டார். அந்த 4.6-ஐப் போட்டவர்கள் கும்பலாக வந்து கொண்டாடிவிட்டுப் போனவர்கள், தூக்கம் கெட்டு வந்தவர்கள் இல்லையே. அதோடு ஸ்டாரைப் பொய்யாக உருவாக்கவும் முடியும். 2017-ல் லண்டனில் ஒரு எழுத்தாளர் தன் தோட்டத்துக் கொட்டகையை ஓட்டல் என்று டிரிப்அட்வைசர் என்ற விமர்சனத் தளத்தில் பதிந்து, பொய் விமர்சனங்களாலேயே நகரத்தின் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். அதுவரை ஒருவருக்குக்கூட அங்கே சாப்பாடு போட்டதில்லை!

சரி, ஆப்பே வேண்டாமா? வேண்டும். சாப்பிட வந்தவர்கள் எடுத்த படங்கள் தங்கம்: மேசை நெருக்கம், தட்டின் அளவு, மெனு அட்டை எல்லாம் தெரிந்துவிடும், படத்தின் தேதியை மட்டும் பாருங்கள். விமர்சனங்களைப் புதியது முதலில் வருகிற மாதிரி வைத்து, இரண்டு மூன்று ஸ்டார் கொடுத்தவர்களைப் படிப்பேன். ஐந்து ஸ்டார்காரர் "அருமை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார், மூன்று ஸ்டார்காரர்தான் பரிமாற ஒரு மணி நேரம் ஆனதைச் சொல்வார். சிறந்த ஓட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிற மிச்செலின் கையேடு வருகிற ஊர் என்றால், அந்த நட்சத்திரம் வாங்கிய ஓட்டலை விட்டுவிட்டு அதே கையேட்டின் பிப் கூர்மாண்ட் பட்டியலைப் பாருங்கள், நியாயமான விலையில் நல்ல சாப்பாடு தரும் இடங்களுக்கென்றே 1997-லிருந்து தனியாகக் கொடுக்கிறார்கள்.

ஆப் முழுசாகக் கைவிடுவது ஒவ்வாமை விஷயத்தில். வந்தவர்களில் ஒருவருக்கு எள் ஆகாது. கேமராவைக் காட்டினால் மெனுவை மொழிபெயர்த்துத் தருகிறது, அழகாகத்தான் தருகிறது, ஆனால் அட்டையில் "சாஸ்" என்று இருந்தால் அதுவும் "சாஸ்" என்றுதானே சொல்லும்? ஓட்டலுக்கு போன் போட்டபோதுதான், அதில் நல்லெண்ணெய் ஊற்றுவோம் என்றார் சமையல்காரர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றி ஓட்டல்காரர்களே தெரிவித்தாக வேண்டும். அப்படிப் பழகிவந்தவர், யாரும் எதுவும் சொல்லவில்லையே, அப்படியென்றால் இல்லை போலிருக்கிறது என்று நம்பிச் சாப்பிட்டுவிடுவார். அதனால் இப்போதெல்லாம் விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுகிறேன்: எது ஆகாது, எது சாப்பிட மாட்டீர்கள், வந்த அன்று வெளியே போகத் தெம்பு இருக்குமா. இந்த மூன்று பதிலும் வந்துவிட்டால் தேடுகிற வேலை பாதியாகிவிடுகிறது.

கடைசியாக நேர விவரம். ஒருநாள் "இப்போது திறந்திருக்கிறது" என்று காட்டியதை நம்பி ஐந்து பேர் போய் நின்றோம், பூட்டில் துரு ஏறியிருந்தது. நிரந்தரமாக மூடிவிட்டார்கள் என்று அன்றே ஆப்பில் புகார் கொடுத்தேன். நேற்று பார்த்தேன், இன்னும் திறந்துதான் இருக்கிறது, இரவு பதினொன்று வரை.